எஸ்தர் டீச்சரின் முட்டைகோஸ் காவடி

அந்த வியாழக்கிழமை காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, திங்கட்கிழமை உடுத்த வேண்டிய புடவைக்கு இஸ்திரி போட்டது. வாசல் தெளிக்கவில்லை, பால் காய்ச்சவில்லை. அதற்கு இன்னும் நாள் இருந்தது. தூக்கம் கலைந்துவிட்டது, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. திங்கட்கிழமை திருவள்ளூரில் தலைமையாசிரியர் பதவி உயர்வுக்கான கலந்தாய்வு. பட்டியலில் இந்த முறை என் பெயரும் இருந்தது. போய், எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவதாக வீட்டில் பேசி முடித்திருந்தோம். வேண்டாம் என்று சொல்லப் போகிறவளுக்குக் கஞ்சி போட்ட புடவை எதற்கு என்றும் எனக்குத் தெரியவில்லை.

முந்தானையில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எஸ்தர் டீச்சரின் தம்பி சாமுவேல் அண்ணன். "அக்கா போய்ட்டாங்கம்மா. காலைல ஜெபத்துக்கு எழுப்பப் போனேன், எழுந்துக்கல," என்றார். நான் "ஆங், ஆங்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். தீய்ந்த வாடை வந்த பிறகுதான் பெட்டியைப் புடவை மேலேயே வைத்திருந்தது உறைத்தது. முந்தானை ஓரத்தில் பழுப்பாக ஒரு வடு விழுந்துவிட்டது.

டீச்சரைப் பற்றி ஒரு நினைவு மலர் போடப் போகிறேன், நீயும் எழுதிக் கொடும்மா என்று அடக்கம் முடிந்த அன்றே அண்ணன் கேட்டார். இதை வாசிக்கும் நீங்கள் எல்லோரும் டீச்சரை அறிந்தவர்கள். அவரோடு வேலை பார்த்தவர்கள், அவரிடம் கணக்குப் படித்தவர்கள், அவரோடு சர்ச்சில் பாடியவர்கள். உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் உட்கார்ந்து ஒரு பத்தி எழுதுவதற்குள் எழுந்து எழுந்து போகிறேன். அடுப்பில் ஏதும் இல்லாதபோதும் அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். உட்கார்ந்து எழுத வேண்டிய ஆள் இல்லை அவர் என்று தோன்றுகிறது. அவரை நின்றுகொண்டுதான் நினைத்துப் பார்க்க முடிகிறது. ஏனென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும்.

நம் பெண்கள் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த மாதமே ஓர் ஓவிய ஆசிரியைக்குப் பிரிவுபசாரம் நடந்தது. ஊரில் எனக்குத் தெரிந்த பிரிவுபசாரம் என்பது ஒரு சால்வை, ஒரு கடிகாரம், காராபூந்தியும் மைசூர்பாகும். ஆசிரியர் அறையில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தது. நடுவில் ஒரு முழு முட்டைகோஸ். அதன் மேல் வெள்ளித்தாள் சுற்றி, உடம்பு முழுவதும் குச்சி குத்தியிருந்தது. ஒவ்வொரு குச்சியிலும் ஒரு துண்டு அன்னாசி, ஒரு துண்டு சீஸ், நுனியில் சிவப்பாக ஒரு செர்ரி. நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் தமிழய்யா முனிரத்தினம் உள்ளே வந்தார்.

"இன்னா டீச்சர், முட்டகோசுக்கு அலகு குத்தி வச்சிருக்கீங்க? அரோகரா!"

எஸ்தர் டீச்சர் தலையைத் தூக்கவே இல்லை. டம்ளர்களில் ஆரஞ்சு ஜூஸ் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "வேண்டுதல்ங்க ஐயா. உங்க வாய் ஒரு நாளாச்சும் சும்மா இருக்கணும்னு வேண்டிகினேன். பலிக்கல."

அறையே சிரித்தது. ஆடிக் கிருத்திகைக்கு மலை மேல் முருகனுக்கு அலகு குத்தி வருகிறவர்களை வருடா வருடம் பார்க்கிற ஊருக்கு வேறு எது நினைவுக்கு வரும்? அன்றிலிருந்து அதற்குக் காவடி என்று பெயர். யாராவது ஓய்வு பெறும் மாதம் வந்தால், "டீச்சர் இந்த மாசம் காவடி எடுக்கறாங்களா?" என்று இடைவேளையில் கேட்பார்கள். கிறிஸ்தவ வீட்டுப் பெண்ணைக் காவடி எடுக்க வைத்துவிட்டோம் என்று முனிரத்தினம் ஐயா பெருமை பேசுவார். "எங்க பாஸ்டர் காதுல விழுந்தா உங்களத்தான் கைகாட்டுவேன்," என்பார் டீச்சர்.

அன்று நான் முதன்முதலாகச் சீஸ் தின்றேன். சவுக்காரம் மாதிரி இருக்கிறது என்று நினைத்து வெளியே சொல்லாமல் இருந்தேன். ஐயா சொன்னார். "டீச்சர், கடிச்சா சவுக்காரம் மாதிரி நொர வரும்போல இருக்குது." டீச்சர், "முழுங்குங்க, உள்ளயாச்சும் சுத்தமாவட்டும்," என்றார்.

காவடி மட்டும் இல்லை. அவருடைய தட்டில் ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்த பீட்ரூட் கட்லெட் இருக்கும். பச்சைச் சட்னி, வெண்ணெய், தக்காளி சாஸ் தடவி ஓரம் வெட்டிய மூன்று நிற சாண்ட்விச் இருக்கும். உப்பு பிஸ்கட்டின் மேல் ஒரு வெள்ளரித் துண்டும் மிளகுத்தூளும். குழாய் அப்பளம், சிறுபிள்ளைகள் விரலில் மாட்டிக்கொள்வார்களே, அது ஒரு பிடி. ஒவ்வொன்றும் கொஞ்சம்தான். "தட்டு நெறைய இருக்கணும், வயிறு நெறையக் கூடாது. வயிறு நெறஞ்சா தூங்கப் போய்டுவாங்க, அப்பால யாரு பேசறது?" என்பார்.

நாற்காலிகளை எல்லாம் முன்கூட்டியே வராந்தாவுக்குத் தள்ளிவிடுவார். முழங்கால் வலிக்காரர்களுக்கு மட்டும் ஒன்றிரண்டு இருக்கும். "உக்காந்து சாப்புட்டா அது விருந்து. எலையத்தான் பாப்பாங்க. நின்னுகினு சாப்புட்டாத்தான் அடுத்தவங்க மொகத்தப் பாப்பாங்க." இதை அவர் எங்கே கற்றார் என்று கேட்டிருக்கிறேன். சென்னையில் பி.எட். படித்தபோது விடுதி தின விழாவில் பார்த்தாராம். அங்கே எல்லாப் பெண்களும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து நடந்து பேசினார்கள். "எங்க வீட்டுல பொம்பளைங்க நின்னுகினு சாப்புட்டா அது மிச்சம் மீதி, அடுப்படில. அங்க பார்த்தா நின்னுகினு சாப்புடறது ஸ்டைல். ஒரே காரியம், எடம்தான் வேற," என்று சிரித்தார்.

தட்டுக்கு ஒரு சட்டமும் இருந்தது. ஊரை விட்டுப் போகிறவரோ ஓய்வு பெறுகிறவரோ, யாருக்காகக் கூடியிருக்கிறோமோ அவர் காவடியிலிருந்து முதல் குச்சியை உருவ வேண்டும். அதற்கு முன் யாரும் எதிலும் கை வைக்கக் கூடாது. கல்வி அதிகாரியே வந்திருந்தாலும் சரி. போகிறவர் கூச்சப்பட்டு நின்றால் டீச்சர் சும்மா காத்திருப்பார். அந்த ஓவிய ஆசிரியை அழுதுகொண்டே ஒரு குச்சியை இழுத்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. இழுத்த இடத்தில் வெள்ளித்தாளில் சின்னதாக ஓர் ஓட்டை. அதன் பிறகுதான் எல்லோருடைய கையும் நீண்டது.

குச்சியால் ஒரு முறை சண்டையே வந்தது. கடையில் விற்கும் பல் குத்தும் குச்சி அவருக்குப் பிடிக்காது. குட்டை, மூன்றும் நிற்காது என்பார். அதனால் புதிதாக ஒரு தென்னந்துடைப்பம் வாங்கி, கழுவி, வெந்நீரில் போட்டு, நறுக்கி வைத்துக்கொள்வார். இது எப்படியோ வசந்தா டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. வசந்தா எங்கள் உடற்கல்வி ஆசிரியை, விசில் இல்லாமலே விசில் அடிக்கிற குரல்.

"தொடப்பத்துலயா எங்களுக்குச் சோறு போட்டுகினு இருந்தீங்க? இத்தினி நாளா?"

"தொடப்பம் ஆவறதுக்கு முன்னாடி அது ஈர்க்குச்சி தான வசந்தா?"

"கடையில கட்டி வச்சப்புறம் தொடப்பம்தான டீச்சர்!"

"மலை மேல பிரசாதம் வாங்குன தொன்னைய இன்னாத்தால தெச்சிருந்துச்சு? பாத்தியா? அதே ஈர்க்குச்சி. அத மட்டும் நக்கி நக்கித் தின்ன."

வசந்தா டீச்சரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் கை வைக்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நின்றார். டீச்சர் வாதத்தில் ஜெயித்தும் விட்டுக்கொடுத்தார். அடுத்த முறையிலிருந்து மரத்தில் வெட்டிய பச்சை ஓலையில் குச்சி கிழித்தார். அதை வசந்தா பார்க்கும்படியாக ஆசிரியர் அறையிலேயே உட்கார்ந்து கிழித்தார்.

ஒரு தலைமையாசிரியை கிருத்திகை நாளில் ஓய்வு பெற்றார். நம் ஊரில் அது எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் அறையில் முக்கால்வாசிப் பேர் விரதம். காவடி மேசை நடுவில் நிற்கிறது, எல்லோரும் எச்சில் விழுங்கிக்கொண்டு சுற்றி நிற்கிறார்கள். "இன்னிக்கிப் போயா டீச்சர் வப்பீங்க?" என்று முனிரத்தினம் ஐயா முனகினார். "ரிட்டயர்மெண்ட்டு தேதிய நானா வச்சேன்? கவர்மெண்ட்டுல கேளுங்க." சொல்லிவிட்டு, ஏற்கெனவே தயாராக வைத்திருந்த வாழையிலைத் துண்டுகளை எடுத்தார். விரதக்காரர்களுக்கு வெங்காயம் போடாமல் தனியாகக் கட்லெட் செய்திருந்தார். எல்லாவற்றையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். சாயங்காலம் மலைக்குப் போய்ச் சாமி பார்த்துவிட்டு, இறங்கும் வழியில் படியில் உட்கார்ந்து பிரித்தோம். குரங்குகள் வந்துவிட்டன. ஐயாவின் பொட்டலம் போனது. அந்தக் குரங்கு அன்னாசியைத் தின்றது, செர்ரியைத் தின்றது, சீஸை மட்டும் மோந்து பார்த்து ஐயாவின் பக்கமே வீசியது. மறுநாள் ஐயா ஆசிரியர் அறை வாசலிலேயே நின்று அறிவித்தார்: "டீச்சர், சீஸ் விசயத்துல நான் தனி ஆளு இல்ல."

இப்படியே எழுதிக்கொண்டு போகலாம். உங்களுக்கும் பிடிக்கும். ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளாமல் இருப்பது இந்தக் கதைகளால் இல்லை.

விடைத்தாள் திருத்த ஒரு கோடையில் நானும் டீச்சரும் தினமும் திருவள்ளூருக்கு லோக்கல் ரயிலில் போனோம். அரக்கோணம் தாண்டி மணவூர் வரும். வண்டி வேகம் குறையும்போதே டீச்சர் எழுந்து கதவருகே போய் நின்றுகொள்வார். வண்டி நின்று, புறப்பட்டு, பிளாட்பாரம் கண்ணை விட்டு மறைந்த பிறகு வந்து உட்காருவார். "காத்து வாங்கப் போனேன்," என்பார். தினமும் மணவூரில் மட்டும் காற்று வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த மாதம் ஒரு பிரிவுபசாரம். சிறப்பு விருந்தினராக வந்தவர் மேடையில் டீச்சரைக் காட்டி, "தலைமையாசிரியர் பதவி தேடி வந்தும் இந்தப் பள்ளியை விட்டுப் போக மனம் இல்லாமல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த தியாகி," என்றார். நான் வேலைக்குச் சேரும் முன்பே நடந்தது அது. எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு கிணற்றடிக் குழாயில் நானும் அவரும் தட்டுக் கழுவினோம். ரயில் எனக்கு நினைவுக்கு வந்தது.

"மணவூர்ல உங்களுக்கு யாரு டீச்சர் இருக்காங்க?"

"யாரும் இல்ல. நான்தான் இருந்திருக்கணும்."

சொல்லிவிட்டுத் தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த தட்டு. பிறகு அவராகவே சொன்னார். அவருக்குக் கிடைக்க இருந்தது மணவூர்ப் பக்கத்துப் பள்ளி. ஒரு சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கேட் பூட்டியிருந்தது. சுவர் மேலாக எட்டிப் பார்த்தாராம். வேப்பமரம் ஒன்று, அதைச் சுற்றி மேடை. சேருகிற அன்று அந்த மேடையில் மேசை போட்டு எல்லோருக்கும் தட்டு கொடுப்பதாக மனதிலேயே இடம் பார்த்து வைத்துவிட்டு வந்தார்.

"அப்பறம் ஏன் டீச்சர் போவல?"

"இங்க எல்லாரும் போவாதீங்க போவாதீங்கன்னாங்க. நீங்க இல்லன்னா இந்த ஸ்டாஃப் ரூமே இல்ல டீச்சர்னாங்க. வீட்லயும் அதான். அத்தினி பேரு போவாதன்னு சொன்னா எவ்ளோ நல்லா இருக்குது தெரியுமா சுமதி? கேட்டுகினே இருக்கலாம்போல இருந்துச்சு. போங்கன்னு ஒருத்தர் சொல்லல. எனக்கு நானும் சொல்லிக்கல." தட்டைக் கவிழ்த்து வைத்தார். "தியாகம்னு மட்டும் சொல்லாதீங்க. அத நான் செய்யல. பாராட்டுனாங்க, ஒக்காந்துட்டேன்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மேடையில் அவரைத் தியாகி என்று சொல்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு மட்டும் தட்டுக் கழுவும் சத்தம் கேட்கும். இன்று எழுதுகிறேன். அவருக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

டீச்சர் ஓய்வு பெற்றது ஊரடங்கு மாதத்தில். கல்வியாண்டு முடியும்வரை நீட்டிப்பில் இருந்தார். ஆண்டு முடியும்போது பள்ளியே பூட்டிக் கிடந்தது. முகக்கவசத்தோடு போய், தலைமையாசிரியர் முன்னால் கையெழுத்துப் போட்டு, சாவிகளை ஒப்படைத்துவிட்டு, ஒரு சால்வையைக் கையில் வாங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார். அத்தனை பேருக்குக் காவடி எடுத்தவருக்கு ஒரு குச்சி இல்லை. எல்லாம் சரியாகட்டும், சேர்ந்து பெரிதாகச் செய்வோம் டீச்சர் என்று சொன்னோம். பள்ளி திறந்தபோது ஆட்களே மாறியிருந்தார்கள். சிலர் மாற்றலில் போனார்கள், சிலர் இல்லாமலே போனார்கள். பிரிவுபசாரம் என்றால் சமோசாவும் ஜிலேபியும் வைத்த அட்டைப்பெட்டி என்று ஆகிவிட்டது. அழைத்தால் டீச்சர் வருவார். பெட்டியைப் பிரித்து, நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சாப்பிடுவார். "நல்லா இருக்குது, எண்ணெ குடிக்கல," என்பார். "என் காவடி எப்ப?" என்று கேட்டுச் சிரிப்பார். கேட்கிற மாதிரி இருக்காது.

என் பெயர் பட்டியலில் வந்த செய்தியை அவருக்குப் போனில் சொன்னேன். அதற்கு முன் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மலையடிவாரத்தில் எங்களுக்குப் பூஜைச் சாமான் கடை. கிருத்திகை நாட்களில் விடுப்புப் போட்டுவிட்டு நானும் கல்லாவில் உட்காருவேன். காலியாக இருப்பது பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தலைமையாசிரியரால் நினைத்தபடி விடுப்புப் போடவும் முடியாது. என் மாமனாரை நாங்கள் நைனா என்போம். அவர்தான் முதலில் பேசினார்.

"ஏம்மா, நீ இல்லன்னா கிருத்திகைக்கு எங்க கடை ஓடும்? இவன் சில்லற குடுக்கறதுக்குள்ள சாமியே மலை எறங்கி வந்துடும்."

என் கணவர் சிரித்தார். "நைனா சொல்றது சரிதான். நீ இல்லன்னா இங்க ஒண்ணும் நடக்காது சுமதி. பையனும் ப்ளஸ் டூ. இன்னாத்துக்கு அலையணும்?"

அவர்கள் மனதில் கள்ளம் இல்லை. எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அன்று இரண்டு பேருக்கும் விருப்பமாக வத்தக்குழம்பு வைத்தேன். சரி, எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டாம்னு எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன் டீச்சர் என்று முடித்தேன். அவர் புத்திமதி சொல்கிறவர் இல்லை; அது உங்களுக்கே தெரியும். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அங்க ஸ்டாஃப் எத்தினி பேரு?" என்றார்.

"தெரியலயே டீச்சர்."

"கேட்டு வை. சேர்ற அன்னிக்கித் தட்டு கொறையக் கூடாது."

நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னது அவர் காதில் விழவில்லையோ என்று அப்போது நினைத்தேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

வெள்ளிக்கிழமை அடக்கத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். கல்லறைத் தோட்டத்தில் பேசியவர்களில் ஒருவர் வழக்கம்போல, பள்ளிக்காகப் பதவியையே துறந்தவர் என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சுவரோரம் போய் நின்றேன். முனிரத்தினம் ஐயா கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். இப்போது மிகவும் தளர்ந்துவிட்டார்.

"போவாதீங்க டீச்சர்னு மொதல்ல சொன்னவன் நான்தாம்மா," என்றார். "யாரு கூட வம்பு பேசறது அப்பறம்? அதுக்காகத்தான் சொன்னேன். போயிருந்தா இன்னொரு ஊரும் காவடி பாத்திருக்கும்."

 பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "சீஸ் இப்பல்லாம் நல்லாதான் இருக்குது. பேரன் தரான்," என்றார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து ஓர் இடத்தில் நிற்கவில்லை. மார்க்கெட்டுக்குப் போய் ஒரு முழு முட்டைகோஸ் வாங்கினேன். அன்னாசியும் செர்ரியும் கிடைத்தன. சீஸ் இப்போது தெருமுனைக் கடையிலேயே துண்டு துண்டாகக் கிடைக்கிறது. டீச்சர் அதற்காகச் சென்னை வரை போய் ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டு வருவார். பக்கத்து வீட்டு மரத்தில் ஓலை கேட்டு வாங்கிக் குச்சி கிழித்தேன். கையைக் கிழித்துக்கொண்டேன். சாயங்காலம் காவடியைக் குத்தி முடித்துச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தேன், பக்கத்தில் பீட்ரூட் கட்லெட். நாற்காலிகளை முன்னறைக்குத் தள்ளினேன். என் பையன் பாடப் புத்தகத்தோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா இது, கொரோனா வைரஸ் செஞ்சி வச்சிருக்க?"

பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. உருண்டை, சுற்றிலும் முள், முள் நுனியில் சிவப்பு. அவருடைய தட்டைப் பறித்துக்கொண்ட அதே உருவம். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நிற்கவில்லை. பையன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தான். டீச்சர் இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று இதை எழுதும் வரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வரவில்லை.

நைனா கட்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சட்னி எங்கம்மா?" என்றார். கடையை மூடிவிட்டு வந்த என் கணவர் நாற்காலியைத் தேடினார். "யாருக்குப் பார்ட்டி?" என்று கேட்டார்.

"எஸ்தர் டீச்சருக்கு. அவங்களுக்கு நாங்க வைக்கவே இல்ல."

அவர் தலையை ஆட்டினார். டீச்சர் மேல் அவருக்கும் மரியாதை உண்டு. மூவரும் மேசையைச் சுற்றி நின்றார்கள், நான் எடுத்துத் தருவேன் என்று. நான் யாருக்கும் எடுத்துத் தரவில்லை. கையை நீட்டி முதல் குச்சியை நான் உருவினேன். வெள்ளித்தாளில் சின்னதாக ஓர் ஓட்டை விழுந்தது. பிறகு அவர்களும் எடுத்தார்கள். அன்னாசி நன்றாக இருக்கிறது என்றார்கள்.

முதல் குச்சி யாருடையது என்று என் வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தக் காவடி இல்லை, கட்லெட் பக்குவமும் இல்லை. அது எனக்குச் சரியாக வரவும் இல்லை, உள்ளே பீட்ரூட் வேகவில்லை. போனில் அவர் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தையும், அதன் பிறகு கேட்ட ஒரு கேள்வியையும் வைத்துக்கொள்கிறேன். அவருக்கு யாரும் சொல்லாததை அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். எனக்குப் புரிய இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

நாளைக் காலை அதே புடவையை உடுத்துவேன். வடு மடிப்புக்குள் போய்விடும். முதல் லோக்கலில் ஏறுவேன், மணவூரில் எழுந்து கதவருகே நிற்பேன். திருவள்ளூரில் என் முறை வரும்போது பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பள்ளியின் பெயரைச் சொல்லுவேன். நைனாவிடமும் என் கணவரிடமும் சாயங்காலம் வந்துதான் சொல்ல வேண்டும். இந்த வரியை எழுதுகிற வரை யாருக்கும் தெரியாது.

அங்கே ஆசிரியர்கள் எத்தனை பேர் என்றும் கேட்டுக்கொண்டு வருவேன்.